துச்சாதனன் ஏன் கும்பிட்டான்? – ஹெக்கோடு நாட்குறிப்பு

கிளம்பும் இரவு

பெங்களூர் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மைசூரிலிருந்து தாளகுப்பா போகும் ரயில் இன்னும் வரவில்லை. நாளைக் காலையில் சாகரத்தில் இறங்கவேண்டும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஹெக்கோடு. சிவமொக்கா மாவட்டத்தில், பாக்குத் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர். அங்கே நீநாசம் என்ற நாடக அமைப்பு, தசரா சமயத்தில் ஒரு பண்பாட்டு முகாம் நடத்துகிறது. மாலையில் நாடகம், மறுநாள் காலையில் அந்த நாடகத்தைப் பற்றிப் பேச்சு, நடுவில் உரைகள். காலாண்டு விடுமுறையும் ஆயுத பூஜையும் சேர்ந்து வந்ததால் எனக்குப் போக வாய்த்தது.

ஏன் போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். பிள்ளைகள் கோணியை விரித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். இந்த வருடம் துகிலுரியும் கூத்துக்கு மறுநாள், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கண்ணெல்லாம் சிவந்து வகுப்புக்கு வந்தாள். வந்ததும் கேட்டாள்: "டீச்சர், துச்சாதனன் வேஷம் கட்டினவரு சேலையை இழுக்கறதுக்கு முன்னாடி திரௌபதிக்குக் கற்பூரம் காட்டிக் கும்பிட்டாரே, ஏன்? கெட்டவன் கும்பிடுவானா?"

நான் "சாமி பயம்மா" என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் போதவில்லை. ஒரு பிள்ளை இரவு முழுக்கக் கண்விழித்துப் பார்த்து, காலையில் இப்படி ஒரு கேள்வியோடு வருகிறது. அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேச எங்கள் ஊரில் ஓர் இடம் இல்லை. கூத்து முடிந்ததும் கலைஞர்கள் வேஷத்தைக் கலைத்துத் தூங்கப் போகிறார்கள், ஊர் வேலைக்குப் போகிறது.

ஹெக்கோட்டில் அப்படி ஓர் இடத்தை ஐம்பது வருடத்துக்கும் மேலாகக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதைப் பார்க்கத்தான் போகிறேன். மொழி பயமில்லை. ஓசூர்ப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, சந்தையில் கன்னடம். வண்டி வருகிறது போலிருக்கிறது.

முதல் நாள்

சாகரத்தில் இறங்கும்போது லேசான தூறல். மழைக்காலம் முடிகிற நேரம். ஈரமண் வாசனையும் எங்கிருந்தோ விறகுப் புகையும் சேர்ந்து வந்தது. பஸ்ஸில் வழி முழுக்கப் பாக்கு மரங்கள். மரத்துக்கு மரம் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. ஒரு திருப்பத்தில் "ஹெக்கோடு, இறங்குங்க" என்றார் கண்டக்டர். இறங்கிப் பார்த்தால் சில கடைகள், ஒரு சாலை, அவ்வளவுதான். இங்கே ஒரு நாடக அரங்கம் இருக்கிறது என்றால் முன்பின் தெரியாதவர்கள் நம்பமாட்டார்கள்.

ஆனால் இருக்கிறது. கன்னட எழுத்தாளர் சிவராம காரந்தர் பெயரில் 1972-இல் எழுந்த ரங்கமந்திரம். சுற்றிலும் நாடகப் பள்ளி, தங்கும் அறைகள், சாப்பாட்டுக் கூடம். பதிவு செய்துவிட்டு எனக்கு ஒதுக்கிய அறைக்குப் போனேன். தார்வாடிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை, உடுப்பியிலிருந்து ஒரு நர்ஸ், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா, நான். நர்ஸ் அக்காவுக்கு இது நாலாவது முறையாம். "முதல் நாள் யாரும் பேசமாட்டாங்க. மூணாவது நாள் யாரையும் நிறுத்த முடியாது" என்றார்.

காலைச் சாப்பாடு அவல். கூடவே பாலும் வெல்லமும் போட்ட கஷாயம். டீ கிடைக்குமா என்று தேடியவள், இரண்டாவது டம்ளர் கஷாயம் வாங்கிக் குடித்தேன்.

இந்த இடத்தின் கதையைத் தெரிந்துகொண்டுதான் வந்தேன், ஆனாலும் இங்கே நின்றுகொண்டு நினைக்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. ஊர்க்காரர்கள் சேர்ந்து 1949-இல் நீலகண்டேஸ்வரர் பெயரில் ஒரு நாட்டிய சேவா சங்கம் தொடங்கினார்கள். அதன் முதலெழுத்துகள் சேர்ந்ததுதான் நீநாசம். அவர்களில் ஒருவரான கே.வி. சுப்பண்ணா மைசூரில் படித்தவர். படிப்பு முடிந்ததும் நகரத்தில் தங்காமல், ஊருக்கே திரும்பிப் பாக்குத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். 1957-இல் அக்ஷர பிரகாசனம் என்ற பதிப்பகம், 1973-இல் திரைப்படக் கழகம், 1980-இல் நாடகப் பள்ளி, 1985-இல் திருகாட்ட என்ற ஊர் ஊராகச் சுற்றும் நாடகக் குழு. ஒன்றன் பின் ஒன்றாக முப்பது வருடம். 1991-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 2005-இல் காலமானார். இப்போது அவர் மகன் கே.வி. அக்ஷராவும் மற்றவர்களும் வேலையைத் தொடர்கிறார்கள்.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது திரைப்படக் கழகம்தான். குரோசாவா, டி சிகா, சத்யஜித் ராய் ஆகியோரின் படங்களைக் கொண்டுவந்து இந்தத் தோப்புகளுக்கு நடுவே போட்டுக் காட்டினார்கள். புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பி.கே. நாயர், படச்சுருளை அனுப்பி உதவியவர்களில் ஒருவர். காட்டியதோடு நிறுத்தாமல், படத்தை எப்படிப் பார்ப்பது என்று வகுப்பும் நடத்தினார்கள். ஊர்க்காரர்களுக்குப் புரியுமா என்ற சந்தேகத்தில் படத்தை மாற்றவில்லை, படத்தின் பக்கத்தில் ஒரு பேச்சை வைத்தார்கள். நாங்கள் பள்ளிகளில் செய்வது நேர் எதிர். புரியாது என்று நாங்களே முடிவு கட்டி, பாடத்தைச் சின்னதாக்கிக்கொண்டே போகிறோம்.

மாலை ஆறு மணிக்கே வெளியே கூட்டம். பைக்கில் மூன்று பேராக வருகிறார்கள். ஒரு ஜீப்பிலிருந்து பாட்டி, பேத்தி, கைக்குழந்தை என்று ஒன்பது பேர் இறங்கினார்கள். டிக்கெட் வாங்கி, செருப்பு சத்தம் கேட்காமல் உள்ளே போய் உட்காருகிறார்கள். நாடகம் வெளியூர்க் குழு ஒன்றினுடையது. ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் கதை, கன்னடத்தில். வயதான காலத்தில் நாட்டை மூன்று மகள்களுக்குப் பிரித்துக் கொடுக்க நினைக்கும் ராஜா. யார் என்னை அதிகம் நேசிக்கிறீர்கள் என்று சபையில் கேட்கிறார். கடைசி மகள் பூசி மெழுகிப் பேச மறுக்கிறாள், அவளைத் துரத்திவிடுகிறார். மற்ற இருவரும் சொத்து கைக்கு வந்ததும் அவருடைய நூறு ஆட்களைக் குறைக்கச் சொல்லி, கடைசியில் அவரையே வெளியே விடுகிறார்கள்.

புயல் காட்சியில் நாலு நடிகர்கள் ஒரு தகரத்தை வளைத்துப் பிடித்து ஆட்டினார்கள். வெளியே நிஜமாகவே மழை பிடித்துக்கொண்டது. ஓட்டின் மேல் விழும் மழை எது, தகரத்தின் மழை எது என்று தெரியவில்லை. பக்கத்து இருக்கைப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

இரண்டாம் நாள்

இன்று காலைக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பாட்டு. அப்புறம் நெறிப்படுத்துகிறவர் எழுந்து ஒரே ஒரு விஷயம் சொன்னார். நன்றாக இருந்தது, நன்றாக இல்லை என்ற பேச்சை அரைமணி நேரம் தள்ளி வையுங்கள், நேற்று என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள் என்றார். நேற்று நடித்தவர்களும் இயக்குநரும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒரு மாணவன், "கிரீடம் மூன்று தடவை தரையில் வைக்கப்பட்டது. மூன்றாவது தடவை யாரும் எடுக்கவில்லை" என்றான். ஒரு பெண், "கடைசி மகள் பேசும்போது அவள் கை சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தது" என்றாள். விதூஷகன் மட்டும்தான் கடைசிவரை வெறுங்காலோடு இருந்தான் என்றார் இன்னொருவர். நானும் அதே நாடகத்தைத்தான் பார்த்தேன், வெறுங்காலைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் ஒரு துண்டு கொண்டுவந்து வைக்க, அரைமணி நேரத்தில் நேற்றைய நாடகம் திரும்ப அறைக்குள் வந்துவிட்டது.

அப்புறம்தான் வாதம் தொடங்கியது. அறுபத்தைந்து வயது இருக்கும் ஒரு விவசாயி எழுந்தார். பக்கத்து ஊர்க்காரர். போன வருடம்தான் தோட்டத்தை இரண்டு பிள்ளைகளுக்கும் எழுதிக் கொடுத்தாராம். "எழுதிக் கொடுத்தப்ப எனக்குக் கஷ்டமா இல்ல. மறுவாரம் திண்ணையில என் நாற்காலிய பெரியவன் கொஞ்சம் தள்ளிப் போட்டான். மழைச்சாரல் அடிக்குதுன்னு நல்லதுக்குத்தான் தள்ளினான். அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நேத்து அந்த ராஜா நூறு ஆளு வேணும்னு கேட்டப்ப, அது ஆளு இல்ல, நாற்காலின்னு எனக்குத் தோணுச்சு" என்றார்.

அறையில் யாரும் அசையவில்லை. இந்த நாடகத்தைப் பற்றி நான் கல்லூரியில் படித்திருக்கிறேன், பரீட்சையும் எழுதியிருக்கிறேன். அந்த நூறு ஆட்கள் எதற்கு என்று எனக்கு இன்றைக்குத்தான் விளங்கியது.

உடனே எங்கள் அறை நர்ஸ் அக்கா எழுந்தார். பெரிய மகள்கள் இரண்டு பேரையும் நேற்று முதல் காட்சியிலிருந்தே கெட்டவர்களாகக் காட்டியது சரியில்லை என்றார். "நான் வார்டுல பார்க்கறேன். அப்பா கத்துவார், மகள் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பா. எல்லாரும் மகளைத்தான் திட்டுவாங்க. சபையில நின்னு, என்னை எவ்வளவு நேசிக்கறேன்னு சொல்லுன்னு கேக்கற அப்பாவோட எத்தனை வருஷம் வாழ்ந்திருப்பாங்க அந்தப் பொண்ணுங்க?" விவசாயி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுத்துப் பேசவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

இயக்குநர் கடைசியில் பேசினார். தன் பக்கத்தை நியாயப்படுத்தவில்லை. பெரிய மகள்களுக்கு ஒரு மௌனமான காட்சி ஒத்திகையில் இருந்தது, நேரம் போதாமல் வெட்டிவிட்டேன், அதைத் திரும்பச் சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன் என்றார். நாற்காலி என்ற சொல்லை அவர் நோட்டில் எழுதிக்கொண்டதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

மதியச் சாப்பாட்டில் தம்புளி. மோரில் ஏதோ கீரையை அரைத்துக் கலந்திருந்தார்கள். பரிமாறிய அம்மாவிடம் நேற்று நாடகம் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தாராம். பிடித்ததா? "ராஜா பாவம்தான். ஆனா நூறு ஆளுக்கு யாரு சமைச்சுப் போடறது? அதை ஒருத்தரும் கேக்கலயே" என்று சொல்லிக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

காலையில் இவ்வளவு பேசினோம், இந்தக் கேள்வி வரவில்லை. வந்திருக்காது, ஏனென்றால் அந்த நேரத்தில் அவர் எங்களுக்காகக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். இரவு நாடகத்துக்கு வந்த கூலி வேலைக்காரர்களும் காலையில் இல்லை, அவர்களுக்கு அது வேலை நேரம். இந்த இடத்தின் மேல் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது, இந்த வருத்தமும் கூடவே இருக்கிறது. நாடகம் எல்லோருக்கும் எட்டுகிற நேரத்தில் நடக்கிறது, பேச்சு அப்படி இல்லை.

மூன்றாம் நாள்

காலையில் அந்த அம்மாவிடம் போய், நீங்கள் சொன்னதைச் சபையில் சொல்லட்டுமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே "பேர் சொல்லாம சொல்லுங்க" என்றார். சொன்னேன். முதல் முறையாக எழுந்து பேசியது அதற்குத்தான். கால் நடுங்கியது. அதிலிருந்து, அரண்மனைக் கதைகளில் சமையலறை எங்கே இருக்கிறது என்று பேச்சு ஒரு மணி நேரம் போனது.

பகல் உரைகளில் ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. பெரிய பெரிய சொற்களாக அடுக்கிக்கொண்டே போனார். எடுத்துக்காட்டு ஒன்றாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இன்னொருவர் நீநாசத்தின் பழைய வேலைகளைப் பற்றிச் சொன்னது மனதில் நின்றது. 1980-களில் ஜனஸ்பந்தனம் என்ற பெயரில் நாடகத்தையும் படங்களையும் தூரத்துக் கிராமங்களுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். உத்தர கன்னட மாவட்டத்தில் மஞ்சிகேரிப் பக்கம் சித்தி மக்கள் வாழ்கிறார்கள், நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களோடு தங்கிப் பயிற்சி நடத்தி, நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் நாவல் ஒன்றை நாடகமாக்கி, அவர்களையே நடிக்க வைத்தார் நாடக இயக்குநர் சிதம்பர ராவ் ஜம்பே. எந்தக் கதையை யாரிடம் கொண்டுபோவது என்று யோசித்தவர்கள் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

இரவு தாளமத்தளெ. தமிழில் இதைச் சொல்லிப் புரியவைப்பது கொஞ்சம் சிரமம். கர்நாடகத்துக் கூத்தான யட்சகானத்தின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். யட்சகானத்தில் இருக்கும் பாட்டும் மத்தளமும் இதிலும் உண்டு. ஆனால் வேஷம் இல்லை, ஆட்டம் இல்லை. வேட்டி சட்டையோடு எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதுதான். மழைக்காலத்தில் திறந்தவெளியில் ஆடமுடியாத கலைஞர்கள் கூரைக்குக் கீழே உட்கார்ந்து நடத்துவதாகவே இது பெரும்பாலும் இருந்து வந்திருக்கிறது. பாகவதர் ஒரு பாட்டுப் பாடுகிறார். அதன் பொருளை ஒருவர் தன் பாத்திரமாக நின்று அந்த நேரத்தில் தோன்றியபடி பேசுகிறார். எழுதி வைத்த வசனம் கிடையாது. எதிரில் இருப்பவர் அதற்கு மறுமொழி சொல்லவேண்டும்.

இன்று வாலி வதம். மறைந்து நின்று அம்பெய்தது ஏன் என்று வாலி கேட்கிறான். கம்பனின் வாலிவதைப் படலத்தை வருடா வருடம் சொல்லித் தருகிறவள் நான். வாலி கேட்டது சரியா என்று எத்தனை பட்டிமன்றம் கேட்டிருக்கிறேன். ஆனால் பட்டிமன்றத்தில் வாலியைப் பற்றிப் பேசுவார்கள். இங்கே அவர் வாலியாகப் பேசினார். கண்ணாடி போட்ட, நரைத்த தலை மனிதர். மூன்றாவது பாட்டுக்குப் பிறகு எனக்குக் கண்ணாடி தெரியவில்லை. ராமனாக இருந்தவர் ஒரு கட்டத்தில் பதில் தேடி நாலைந்து நொடி நின்றார். அந்த நாலைந்து நொடியில் எங்களுக்கெல்லாம் மூச்சு நின்றது.

முடிந்ததும் வாலியாக இருந்தவர் எழுந்து, ராமனாக இருந்தவரைப் பார்த்துக் கைகூப்பினார். அவர் பதிலுக்குக் கைகூப்பினார். எனக்கு அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணின் முகம் வந்து முன்னால் நின்றது.

நாலாம் நாள்

இரவு சரியாகத் தூக்கமில்லை. காலை அமர்வில் கேட்டுவிட்டேன். எங்கள் ஊர்க் கூத்தைப் பற்றி, சேலையை இழுப்பதற்கு முன் துச்சாதனன் கற்பூரம் காட்டிக் கும்பிடுவதைப் பற்றி, என் மாணவி கேட்டதைப் பற்றி, நான் சொன்ன அரைகுறைப் பதிலைப் பற்றி. கன்னடம் அங்கங்கே தடுமாறியது. தார்வாட் அக்கா விட்ட இடத்தை நிரப்பினார்.

நிறையப் பேசினார்கள். கெட்ட காரியத்தை நடிக்கிறவன் அந்தப் பாவம் தன்மேல் ஒட்டாமலிருக்கக் கேட்கும் மன்னிப்பு என்றார் ஒருவர். வேஷம் கட்டிய ஆணைத் திரௌபதி ஆக்குவதே அந்தக் கும்பிடுதான், அதற்கு முன்னால் அவர் சேலை கட்டிய நடிகர் மட்டுமே என்றாள் நாடகப் பள்ளி மாணவி ஒருத்தி. இது எனக்குப் புதிதாக இருந்தது, நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பின்வரிசையில் இருந்த யட்சகானக் கலைஞர் ஒருவர் கடைசியாகப் பேசினார். "எங்களுக்கு சௌக்கி உண்டு. வேஷம் கட்டற இடம். அங்க கணபதிக்குப் பூஜை பண்ணிட்டுத்தான் மேடைக்கு வருவோம். உங்க ஊர் துச்சாதனன் அதை ஜனங்க கண்ணு முன்னால செய்யறார். நாங்க இங்க உக்காந்து ஆயிரம் சொல்லலாம். அந்தப் பொண்ணை வேஷம் கட்டற இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. அவரையே கேக்கட்டும்" என்றார்.

இதற்காக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்திருக்கிறேன். அந்தக் கொட்டகை எங்கள் பள்ளியிலிருந்து பத்து நிமிட நடை.

மதியம் பீமனகோணெ வரை போய்வந்தோம். பக்கத்தில்தான். நாடக இயக்குநர் பிரசன்னா முன்னின்று தொடங்கிய சரகா என்ற கைத்தறிக் கூட்டுறவுச் சங்கம் அங்கே இருக்கிறது. நூல் சுற்றுவதிலிருந்து தையல் வரை பெரும்பாலும் பெண்கள். பாக்கைத் தோலுரித்து வேகவைத்தால் மிஞ்சும் செந்நிறச் சாற்றுக்கு இங்கே சோகரு என்று பெயர், அதையே சாயமாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரு பழுப்புச் சேலையைத் தொட்டுப் பார்த்தேன். தோப்பின் நிறம்தான். நாடகக்காரர் ஒருவர் ஏன் தறி போட்டார் என்று முதலில் தோன்றியது. இத்தனை நாள் இங்கே இருந்ததை நினைத்ததும் அந்தக் கேள்வி போய்விட்டது.

மாலை திருகாட்ட குழுவின் நாடகம். வருடத்துக்கு இரண்டு மூன்று நாடகங்களைத் தயார் செய்து, இங்கே தொடங்கி, பிறகு மாதக்கணக்கில் கர்நாடகம் முழுக்கச் சுற்றுவார்கள். நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆகும். மேடைச் சாமான், விளக்கு, உடை எல்லாம் கூடவே போகும். நடிகர்களே ஏற்றி, நடிகர்களே இறக்கி, நடிகர்களே மேடை கட்டவேண்டும். நாடகம் முடிந்து அரைமணி நேரத்தில், சற்றுமுன் ராணியாக இருந்த பெண் ஒரு மரப்பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனாள். எங்கள் பக்கத்துக் கூத்துக் கலைஞர்களும் இப்படித்தான், ஆர்மோனியத்தையும் மத்தளத்தையும் வேஷத்துக்கான கட்டை அணிகள் வைத்த பெட்டியையும் வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். அவர்களுக்குத் திரும்பிவர ஒரு ஹெக்கோடு இல்லை.

தமிழ்நாட்டில் யாரும் முயலவில்லை என்று சொல்லமாட்டேன். மார்கழிக் காலைகளில் மியூசிக் அகாடமியில் நடக்கும் செயல்முறை விளக்க உரைகள் நீண்ட மரபுடையவை, கச்சேரிக்கு வராதவர்கள்கூட அதற்கு வருவதுண்டு. காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் 2002-இலிருந்து 2020 வரை பிள்ளைகள் பள்ளிப்பாடமும் கூத்தும் சேர்ந்தே படித்தார்கள். பெண்பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். அது மூடப்பட்டதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. நான் யோசிப்பது அவ்வளவு பெரிதல்ல. பார்க்க வருகிற பிள்ளைக்கு, பார்த்ததைப் பற்றிக் கேட்க ஒரு மணி நேரம். அது போதும் இப்போதைக்கு.

கடைசி நாள்

காலையில் கொஞ்ச நேரம் பேச்சு, அப்புறம் மூட்டை கட்டல். அந்த விவசாயி எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். போனோம். தோப்புக்குள் இறங்கிப் போகிற பாதை, ஓட்டு வீடு, நீண்ட திண்ணை. திண்ணையில் நாற்காலி இருந்தது. பழைய இடத்திலா, தள்ளிப்போட்ட இடத்திலா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அவர் மருமகள் கோகம் சர்பத் கொடுத்தார். பெரிய மகன் வந்து உட்கார்ந்து, அப்பா சபையில் என்ன பேசினார் என்று எங்களிடம் விசாரித்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஊரே பேசியிருக்கும். நர்ஸ் அக்காதான் சொன்னார், நாடகத்தைப் பற்றி நன்றாகப் பேசினார் என்று. மகன் கொஞ்ச நேரம் தோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் அன்னிக்கு நாடகத்துக்கு வந்திருந்தேன்" என்றார்.

மதியம் சாப்பாட்டுக் கூடத்து அம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். அடுத்த வருடம் பிள்ளைகளையும் கூட்டிவரச் சொன்னார்.

சாகரம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நேரமிருந்தது. எங்கள் ஊர்க் கூத்து வாத்தியாருக்கு போன் போட்டேன். இருபது வருடமாகத் துச்சாதனன் வேஷம் கட்டுகிறவர் அவர்தான். பகலில் ஓசூரில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை. பள்ளிக்கு வந்து பிள்ளைகளிடம் பேசுவீர்களா என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துல வந்து என்னத்த டீச்சர் பேசறது? எனக்குப் பேச வராது" என்றார். நான் விடவில்லை. அந்தப் பெண்ணின் கேள்வியைச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"இத்தனை வருஷத்துல யாரும் என்கிட்ட இதைக் கேட்டதில்ல" என்றார். அப்புறம், "இழுக்கறவன் துச்சாதனன். கும்புடறது நான். அது போன்ல சொல்ற விஷயமில்ல டீச்சர். சித்திரையில திருவிழா வருதில்ல, பசங்கள சாயங்காலமே கொட்டகைக்குக் கூட்டியாங்க. அரிதாரம் பூச மூணு மணி நேரம் ஆகும். பூசிக்கிட்டே பேசலாம்" என்றார்.

எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார். முப்பது பேர் என்றேன். கொட்டகையில் அவ்வளவு இடமில்லை, பத்துப் பத்துப் பேராக அனுப்பச் சொன்னார். அந்தப் பெண் முதல் பத்தில் இருக்கவேண்டும் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கவேண்டும், தலைமையாசிரியரிடம் பேசவேண்டும், பிள்ளைகளுக்குச் சுண்டல் ஏற்பாடு செய்யவேண்டும். ரயில் வந்துவிட்டது.